தோப்புக் குத்தகையும் ஆட்டக் குத்தகையும்

(திருப்பதியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2022 ஜூன் மாதம் மூன்று நாள் நடந்த மின்னணு ஏலத்தில், இந்தியன் பிரீமியர் லீக்கின் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமைகள் 48,390 கோடி ரூபாய்க்குப் போயின. 410 ஆட்டங்களுக்கான தொகை இது. வகுத்துப் பார்த்தால் ஆட்டத்துக்கு 118 கோடி. இரண்டு அணிகளும் இருபது ஓவரையும் முழுதாக ஆடினால் 240 பந்துகள். ஆகப் பந்து ஒன்றுக்கு ஏறத்தாழ 49 இலட்சம். இந்த எண்களைக் கேட்டு மலைப்பதும் எளிது, கிரிக்கெட்டைக் கடிந்துகொள்வதும் எளிது. பொருளியல் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தத் தொகை எதன் விலை? ஆட்டத்தை நடத்த ஆகும் செலவா, ஆட்டக்காரர்களின் திறமைக்குக் கொடுக்கும் கூலியா, வேறு ஏதாவதா? இந்த உரையில் நான் நிறுவ முயல்வது ஒன்றுதான். ஒளிபரப்பு உரிமைத் தொகையில் பெரும்பகுதி, ஒருவருக்கு மட்டுமே உரிமை என்று வேலி போடுவதால் பிறக்கும் குத்தகை. குத்தகை என்று ஒப்புக்கொண்டால், அதில் ஒரு பங்கைப் பொதுமக்கள் கேட்பது நியாயம் என்பதோடு, அப்படிக் கேட்பதால் ஆட்டமும் கெடாது, பார்ப்பவரின் சந்தாவும் ஏறாது என்பதும் விளங்கும்.

சித்தூர்ப் பக்கத்தில் குத்தகையை விளக்க நூலகத்துக்குப் போக வேண்டியதில்லை. மாந்தோப்பில் பூ எடுப்பதற்கு முன்பே வியாபாரி வந்து மரங்களைப் பார்த்து, வரப்போகும் காய்ப்பையும் ஆலை கொடுக்கப்போகும் விலையையும் மனத்தில் கணக்கிட்டு, தோப்புக்காரரிடம் ஒரு தொகை பேசுகிறார். அந்தத் தொகை தோப்புக்காரர் மரத்துக்குச் செய்த செலவைப் பார்த்து வருவதில்லை. காய் என்ன விலைக்குப் போகும் என்பதைப் பார்த்தே வருகிறது. டேவிட் ரிக்கார்டோ 1817இல் தானிய விலையை ஆராய்ந்து முன்வைத்த குத்தகைக் கோட்பாட்டின் சாரமும் இதுதான்: தானியம் விலை ஏறுவதால் நிலத்தின் குத்தகை ஏறுகிறது, குத்தகை ஏறுவதால் தானியத்தின் விலை ஏறுவதில்லை. ஒளிபரப்பு உரிமை ஏலமும் பூ எடுக்கும் முன் பேசும் பேரந்தான். ஐந்தாண்டுகளுக்குள் எந்த அணி சோபிக்கும், எந்த நட்சத்திரம் ஓய்வு பெறுவார், விளம்பரச் சந்தை எப்படியிருக்கும் என்று எதுவும் தெரியாமல் பேசப்படும் தொகை அது. அங்கேயும் தொகையைத் தீர்மானிப்பவை இரண்டு: எதிர்பார்க்கும் வருவாய், போட்டிக்கு நிற்கும் குத்தகைதாரர்களின் எண்ணிக்கை.

இது வெறும் உவமையோடு நின்றுவிடவில்லை என்பதற்குச் சான்றுகள் உண்டு. பெண்கள் பிரீமியர் லீக்கின் 2023 முதல் 2027 வரையிலான உரிமைகள் 951 கோடிக்கு விற்றன, ஆட்டத்துக்கு 7.09 கோடி. அங்கேயும் 240 பந்துகள்தாம், அதேபோன்ற மைதானம், அதே வகைக் கேமரா, அதே வர்ணனை. ஆண்கள் ஆட்டத்தின் படப்பிடிப்புச் செலவு சற்றுக் கூடுதலாகவே இருக்கட்டும். பதினாறு மடங்குக்கும் மேலான இந்த விலை வேறுபாட்டைச் செலவு என்ற சொல்லால் விளக்க முடியாது. காலத்தை ஒட்டிப் பார்த்தாலும் அதுவே தெரிகிறது. 2018 முதல் 2022 வரையிலான ஐ.பி.எல். உரிமைகள் ஸ்டார் இந்தியாவுக்கு 16,347.5 கோடிக்குப் போயின. அடுத்த ஐந்தாண்டுக்கு அது ஏறத்தாழ மும்மடங்கானது. அதற்குள் ஆட்டம் மும்மடங்கு மேம்பட்டுவிடவில்லை. ஆட்டங்களின் எண்ணிக்கையும் அந்த அளவுக்குக் கூடவில்லை. கூடியது குத்தகைதாரர்களின் பசி. தொலைக்காட்சியையும் இணையத்தையும் கிரிக்கெட் வாரியம் தனித்தனி ஏலமாகப் பிரித்தது. தொலைக்காட்சியை டிஸ்னி ஸ்டார் 23,575 கோடிக்கு எடுத்தது. இணையத்தை ரிலையன்ஸ் சார்ந்த வயாகாம்18 அதற்குச் சற்றே குறைவாக, 20,500 கோடிக்கு எடுத்தது. மீதிச் சிறு தொகுப்புகள் தனி. சந்தாதாரர்களைத் திரட்ட வேண்டிய கட்டாயம் இரண்டு பெரும் நிறுவனங்களுக்கும் ஒரே நேரத்தில் வந்ததுதான் அந்த ஆண்டின் விளைச்சல்.

வேலி என்று சொன்னேன். அந்த வேலி இயற்கையில் இல்லாதது. ஒளிபரப்பு அலையை நூறு பேர் பார்த்தாலும் நூற்றோராவது ஆளுக்கு அது குறைவதில்லை. பால் சாமுவேல்சன் 1954இல் வகுத்த பொதுப் பண்டத்தின் இலக்கணத்துக்கு இது பொருந்திவரும். பூட்டுப் போட்ட பெட்டியும் ஒப்பந்தமும் சட்டமும் சேர்ந்துதான் அதை விற்பனைச் சரக்காக்குகின்றன. இந்த ஊரிலேயே அதற்கு எதிர்க்காட்டு இருக்கிறது. ஐ.பி.எல். தொடங்கிய அதே 2008ஆம் ஆண்டில்தான் திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பக்தி சேனலைத் தொடங்கியது; 2017இல் தமிழுக்கும் தனி அலைவரிசை வந்தது. பிரம்மோற்சவத்தின் கருட சேவையை நேரலையில் காணத் துடிப்பவர்கள் எத்தனை கோடி என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏலம் விட்டால் பெருந்தொகைக்குப் போகும். ஏலம் விடாமல் கட்டணமின்றிக் காட்டுவது என்பது தேவஸ்தானத்தின் முடிவு. காணிக்கை வருவாய் உள்ள நிறுவனம் அப்படிச் செய்யலாம், விளையாட்டுச் சங்கம் எங்கே போகும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லா ஆட்டத்தையும் இலவசமாக்கு என்பது என் வாதமன்று. வேலி போடுவது ஒரு நிறுவன முடிவு, அதைச் சட்டம் காக்கிறது, ஆகவே அதன் விளைச்சலைப் பற்றிப் பேசச் சட்டத்துக்கும் இடமுண்டு என்பது மட்டுமே இங்கு நான் எடுத்துக்காட்ட விரும்புவது.

சட்டம் அப்படிப் பேசியும் இருக்கிறது. 1993இல் வங்காளக் கிரிக்கெட் சங்கம் தன் வைரவிழாவையொட்டி ஹீரோ கோப்பைப் போட்டியை நடத்தியபோது, ஒளிபரப்பை டிரான்ஸ் வேர்ல்டு இன்டர்நேஷனல் என்ற அயல்நாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. தூர்தர்ஷன் எதிர்த்தது, 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தைக் காட்டி அரசு தடுத்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1995 பிப்ரவரி 9இல் வந்த தீர்ப்பு இரண்டு பக்கமும் கூர்மையானது. வான் அலைகள் அரசின் தனியுடைமை ஆகா என்று கூறிச் சங்கத்தின் உரிமையை அது காத்தது. அதே மூச்சில், அவை பொதுச் சொத்து, பொதுநலனுக்காக ஒழுங்குபடுத்தப்பட வேண்டியவை என்றும் நிறுவியது. அடுத்து வந்த முப்பதாண்டுகளில் அந்தத் தீர்ப்பின் முதல் பாதியை வைத்து ஒரு பெருஞ்சந்தையைக் கட்டினோம். இரண்டாம் பாதிக்கு நாம் செய்தது 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுதான். தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் ஒளிபரப்பைப் பொது ஒளிபரப்பாளரான பிரசார் பாரதியோடு பகிர வேண்டும், தொலைக்காட்சி விளம்பர வருவாயில் குறைந்தது 75 விழுக்காடு உரிமை பெற்றவருக்கு, எஞ்சியது பிரசார் பாரதிக்கு என்பது அதன் ஏற்பாடு.

அந்தச் சட்டம் சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள ஒரு சாதாரண வீட்டில் இன்று எந்த அளவுக்குச் செயல்படுகிறது என்று பார்ப்போம். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பகிரப்பட்ட அலையைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் ஃப்ரீ டிஷ் சேவையிலும் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிளிலும் டி.டி.எச். சேவைகளிலும் அது வரக்கூடாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் பிரசார் பாரதி பழைய தரைவழி ஒளிபரப்பு நிலையங்களை, எல்லைப்புறம் போன்ற சில இடங்கள் நீங்கலாக, 2022க்குள் மூடியது. மொட்டைமாடி ஆன்டெனாவின் காலம் முடிந்தது. எஞ்சியது ஃப்ரீ டிஷ். ஆனால் தென்மாநிலங்களில் ஆழ வேரூன்றியிருப்பது கேபிள். 149 ரூபாய்க்குத் தொலைபேசி, இணையம், தொலைக்காட்சி மூன்றையும் தருவோம் என்று ஆந்திர அரசு 2017இல் தொடங்கிய ஃபைபர்நெட்டும் உள்ளூர்க் கேபிள்காரர் வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகிறது. ஆக, தேசிய முக்கியத்துவம் உள்ளது என்று அரசே அறிவித்த ஆட்டத்தை, பொது ஒளிபரப்பாளரின் அலைவரிசையில் கேபிள் வீட்டவர் பார்க்க முடியாது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. ஆட்டம் கட்டண அலைவரிசையில் இருக்கிறது.

இந்த இடத்தில் சந்தை ஆதரவாளர் ஒருவர் எழுந்து, நிறுவனங்களுக்குள் போட்டி இருந்தால் பார்ப்பவருக்கு நன்மை தானாக வரும் என்பார். இது கனமான மறுப்பு. இதற்கு அனுபவமே பதில் சொல்லட்டும். இங்கிலாந்துப் பிரீமியர் லீக் கால்பந்தில் எல்லா நேரலை ஆட்டங்களையும் ஸ்கை நிறுவனமே வைத்திருந்ததை ஐரோப்பிய ஆணையம் எதிர்த்தது. 2007–08 பருவம் முதல் ஒரே நிறுவனம் எல்லாத் தொகுப்புகளையும் வாங்கக்கூடாது என்றானது. செட்டான்டா என்ற புதிய நிறுவனம் நுழைந்தது. லீக்கின் வருவாய் உயர்ந்தது. ரசிகருக்கோ முன்பு ஒரு சந்தா, இப்போது இரண்டு. இரண்டே ஆண்டில், 2009இல், செட்டான்டா இங்கிலாந்தில் நொடித்தது. ஏலத்தில் நடக்கும் போட்டி விற்பவருக்கு உதவும். வாங்கியவர் கையில் அந்தப் பொருள் ஏகபோகமாகவே இருப்பதால், பார்ப்பவருக்கு உதவ வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. நம் நாட்டில் 2023, 2024 ஆண்டுகளில் வயாகாம்18இன் ஜியோசினிமா ஐ.பி.எல். ஆட்டங்களை இணையத்தில் இலவசமாகக் காட்டியது உண்மை. அது இரண்டு நிறுவனங்கள் வாடிக்கையாளரைப் பிடிக்க நடத்திய போரின் கொடை. 2024 நவம்பரில் ரிலையன்ஸ், டிஸ்னி ஊடகத் தொழில்கள் ஒன்றாயின. 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் வந்தது; சிறிது நேரம் இலவசம், பிறகு சந்தா அல்லது குறிப்பிட்ட ரீசார்ஜ் என்றானது. தனித்தனியாக ஏலம் விட்ட தொலைக்காட்சியும் இணையமும் கடைசியில் ஒரே வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தன.

அந்த இணைப்புக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2024 ஆகஸ்டில் ஒப்புதல் தந்தபோது பெற்ற உறுதிமொழிகளைக் கவனியுங்கள். தொலைக்காட்சி விளம்பர நேரத்தையும் இணைய விளம்பர நேரத்தையும் கிரிக்கெட்டுக்காக ஒன்றாகக் கட்டி விற்கக்கூடாது, விளம்பரக் கட்டணத்தை நியாயமின்றி ஏற்றக்கூடாது. விளம்பரதாரருக்குக் கிடைத்த பாதுகாப்பு அவை. வாங்குவோர் குறைந்தால் என்ன ஆகும் என்பதைச் சித்தூர் விவசாயி 2025இல் தன் தோப்பிலேயே கண்டார். தோதாபுரி மாங்காய் வாங்கும் கூழ் ஆலைகள் பின்வாங்கின, விலை சரிந்தது, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய், அரசு மானியமாக 4 ரூபாய் என்று மாநில அரசு தலையிட வேண்டியதாயிற்று. அடுத்த ஐ.பி.எல். ஏலத்தில் பெரிய குத்தகைதாரர் ஒருவரே நிற்பாரானால் வாரியத்தின் வருவாய்க்கும் அந்தக் கதி வரலாம். ஆனால் வாரியத்தின் வருவாய் சரிவதால் ரசிகரின் சந்தா குறையும் என்று யாரும் எண்ண வேண்டாம். சந்தாவைத் தீர்மானிப்பது ரசிகரின் ஆவலும் ஒளிபரப்பாளரின் ஏகபோகமும்.

இதற்கு நம்மிடமே ஒரு சான்று உண்டு. தொகுப்பில் சேர்த்து விற்கும் அலைவரிசைக்கு 19 ரூபாய் என்ற உச்சவரம்பு 2019இல் நடைமுறைக்கு வந்தது. ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 அப்போதே அந்த உச்சத்தில் நின்றது. 2022 நவம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் மீண்டும் அதே 19 ரூபாயை உறுதிசெய்தது. இடையில் உரிமைத் தொகை ஏறத்தாழ மும்மடங்காகியிருந்தது. குத்தகைதான் சந்தாவை நிர்ணயிக்கிறது என்பது உண்மையானால், இந்த வரம்புக்குள் யாரும் மும்மடங்கு ஏலம் கேட்டிருக்க மாட்டார்கள். எதிர்பார்த்த வருவாய் வேறெங்கிருந்து வந்தது? பெரும்பாலும் விளம்பரத்திலிருந்து. அதன் இயல்பையும் இந்த மாநிலத்தில் இருந்து பார்த்தால் நன்கு தெரியும். ஆந்திரம் 2020 செப்டம்பரில் இணையப் பந்தய விளையாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு ஐ.பி.எல்லின் தலைப்பு விளம்பரதாரர் 222 கோடி கொடுத்த டிரீம்11 என்ற இணையப் பந்தய நிறுவனம். திருப்பதியில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர், தன் மாநிலத்தில் ஆட முடியாத ஒரு பந்தயத்தின் பெயரை ஒவ்வொரு ஓவரிலும் கேட்டார். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றச் சட்டத்தால் நாடெங்கும் பணப் பந்தய விளையாட்டு நின்றது. விளம்பர வருவாயின் ஒரு தூண் அதோடு சாய்ந்தது.

இனி, என்ன செய்யலாம்? பிரான்சில் 2000ஆம் ஆண்டு முதல், விளையாட்டு அமைச்சராக இருந்த மரி-ஜார்ஜ் புஃபேயின் பெயரால் வழங்கும் ஒரு வரி இருக்கிறது: தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமை விற்பனையில் 5 விழுக்காடு, அடித்தள விளையாட்டுக்கு. அதே 5 விழுக்காட்டை 48,390 கோடியில் எடுத்தால் ஐந்தாண்டில் ஏறத்தாழ 2,420 கோடி, ஆண்டுக்கு 484 கோடி. ஒன்றிய அரசு 2025–26இல் கேலோ இந்தியா திட்டம் முழுமைக்கும் ஒதுக்கியது 1,000 கோடி என்பதை அருகில் வைத்துப் பாருங்கள். நாட்டில் 800 மாவட்டங்கள் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 60 இலட்சம் வரும். 2022 ஜனவரியில் திருப்பதி மாநகராட்சி இந்திரா மைதானத்தில் தேசிய அளவிலான கபடிப் போட்டியை நடத்தியது. ஓர் உள்ளாட்சி அமைப்பு தன் முயற்சியால் செய்த அந்தக் காரியம் போன்றவை எல்லா மாவட்டத்திலும் ஆண்டுதோறும் நடக்க இந்தப் பணம் உதவும்.

எதிர்வாதங்களை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது: ஆட்டத்தை வளர்த்தது வாரியம், அதன் உழைப்பின் பலனில் மற்றவருக்கு என்ன பங்கு? உழைப்பை மறுக்கவில்லை. ஆனால் வாரியம் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவான ஒரு சங்கம். இலாப நோக்கமுள்ள கம்பெனியன்று. இந்தியா என்ற பெயரில் அணி அனுப்பும் தனியுரிமையை அது அனுபவிக்கிறது. கல்லூரி மைதானங்களும் காவல் பந்தோபஸ்தும் பொதுச் சொத்தான அலைகளும் அதன் விளைச்சலில் கலந்திருக்கின்றன. நூற்றுக்கு ஐந்து கேட்பது அந்த உழைப்பைப் பறிப்பதாகாது.

இரண்டாவது: வரி கடைசியில் ரசிகர் தலையில்தானே விழும்? இதற்கான விடையை முன்பே பார்த்தோம். ஏலம் கேட்பவர் தன்னால் ஈட்ட முடிந்ததைக் கணக்கிட்டுக் கேட்கிறார். சந்தாவை ஏற்றி மேலும் ஈட்ட முடியுமானால் வரி இல்லாமலே ஏற்றியிருப்பார். வரி, விற்பவர் கையில் எஞ்சும் குத்தகையைக் குறைக்கும். பார்ப்பவர் கொடுக்கும் விலையைத் தொடாது.

மூன்றாவது: கபடிக்கும் இப்போது தொலைக்காட்சி வந்துவிட்டதே, சந்தையே மற்ற ஆட்டங்களையும் தூக்கிவிடாதா? 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக் அரிய சாதனைதான். தெலுங்கு டைட்டன்ஸ், தமிழ் தலைவாஸ் அணிகளுக்காக இந்தப் பகுதி வீடுகளே இரண்டாகப் பிரிகின்றன. ஆனால் அந்த லீக்கை நடத்தும் மஷால் ஸ்போர்ட்ஸில் 74 விழுக்காடு பங்கை 2015இலேயே வாங்கியது ஸ்டார் இந்தியா. தோப்பும் குத்தகைதாரரும் ஒன்றானால் ஆட்டம் ஒரு கம்பெனியின் கணக்குப் புத்தகத்தை நம்பி நிற்கும். 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். கால்பந்தை நடத்திய ரிலையன்ஸ் சார்ந்த நிறுவனம், கால்பந்துக் கூட்டமைப்போடு ஒப்பந்தம் முடியப்போவதைக் காட்டி அடுத்த பருவத்தை நிறுத்தி வைத்தபோது, கழகங்களும் ஆட்டக்காரர்களும் கையைப் பிசைந்து நின்றார்கள். பிரான்சிலும் 2020இல் மீடியாபுரோ நிறுவனம் ஆண்டுக்கு 80 கோடி யூரோவுக்கு மேல் தருவதாக எடுத்த குத்தகையைக் கட்ட முடியாமல் கைவிட்டது. கால்பந்துக் கழகங்கள் கடன் தேடி ஓடின.

நான்காவது எதிர்வாதம்தான் வலுவானது: குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று வசூலித்த வரிகளை அரசு அந்த நோக்கத்துக்குச் செலவிடாமல் பொதுக் கருவூலத்தில் தேக்கி வைப்பதைத் தணிக்கைத் துறை பலமுறை சுட்டியிருக்கிறதே; இதுவும் அப்படித்தானே போகும்? இந்த ஐயத்தை என்னால் தள்ளிவிட முடியாது. ஆகவேதான் இதைக் கருவூலத்துக்குப் போகும் வரியாக அமைக்காமல், ஏல நிபந்தனையாக அமைக்கச் சொல்கிறேன். உரிமை பெற்றவர் ஒவ்வொரு தவணையிலும் 5 விழுக்காட்டை மாவட்ட விளையாட்டு ஆணையங்களின் கணக்குக்கு நேரே செலுத்த வேண்டும். எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு போனது, எந்த மைதானத்தில் செலவானது என்று ஆண்டுதோறும் அச்சிட வேண்டும். 2025ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் கிரிக்கெட் வாரியத்தையும் தன் வட்டத்துக்குள் கொண்டுவந்திருப்பதால் இதற்கான வாசல் திறந்தே இருக்கிறது.

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு திருத்தம் வேண்டும்: தேசிய முக்கியத்துவம் என்று அறிவித்த ஆட்டத்தைத் தூர்தர்ஷன் அலைவரிசையில் கேபிள் வீட்டவரும் பார்க்கலாம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். 2017 தீர்ப்பு அரசியலமைப்பைக் காட்டி வந்ததன்று. இருக்கும் சட்ட வாசகத்தைப் பொருள்கொண்டு வந்தது. வாசகத்தை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. உரிமை பெற்றவருக்கு இழப்பு வராதா என்றால், சிறிது வரும். அடுத்த ஏலத்தில் அவர் அதைக் கழித்துக்கொண்டு கேட்பார். ஆகவே இப்போது ஓடும் ஒப்பந்தங்களைத் தொடாமல், அடுத்து வரும் உரிமைகளுக்கு மட்டும் இரண்டையும் நடைமுறைப்படுத்தலாம். ஐ.பி.எல்லின் நடப்புக் குத்தகை 2027இல் முடிகிறது. புதிய ஏல ஆவணம் அதற்கு முன்பே எழுதப்படும். எழுதி முடிந்தபின் கேட்பதில் பயனில்லை. இந்த மாவட்டங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் பல்கலைக்கழகங்களிடமும் விளையாட்டுச் சங்கங்களிடமும் இந்த இரண்டு கோரிக்கைகளையும் எடுத்துச் செல்ல இன்னும் காலம் இருக்கிறது. அந்தப் பொறுப்பை இந்த அவையின் முன் வைத்து உரையை முடிக்கிறேன்.